நாத்தனார் போடாத முடிச்சு

சட்டக் கல்லூரியில் கடைசி வருஷம் நான் சர்வதேசச் சட்டத்தை விருப்பப் பாடமாக எடுத்துக்கொண்டேன். அறிவுத் தாகம் ஒன்றும் கிடையாது. அந்த வகுப்பில் பதினோரு பேர்தான், ஜன்னல் பக்கம் இடம் கிடைக்கும், மத்தியானத் தூக்கத்துக்கு வாத்தியார் குறுக்கே நிற்க மாட்டார். பிறகு செஞ்சி முன்சீப் கோர்ட்டில் பன்னிரண்டு வருஷம் வரப்புத் தகராறும் கிணற்றுப் பங்கும் பார்த்தேன். இரண்டு தேசங்களுக்கு நடுவில் எது சட்டம், அது எங்கிருந்து வருகிறது என்று ராஜகிரி மலைக்கு இந்தப் பக்கம் ஒருவனும் என்னைக் கேட்டதில்லை. அந்தப் புத்தகத்தை என் மனைவி ஆதிலட்சுமி அரிசிப் பானைக்கு மூடியாக வைத்திருந்தாள். கேட்டால், "அதுக்காவது பிரயோஜனப்படுதே" என்பாள்.

எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. இதை நானே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் கடைத்தெருவில் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள். அறுபத்து மூன்றாம் வருஷம் பொங்கல் கழிந்த வாரம், பாத்திரக்கடை சிங்காரவேலு என் ஆபீஸுக்குள் செருப்போடு நுழைந்து மேஜையைத் தட்டினார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் அவருக்குப் பின்னால் அவர் மகள் ஆண்டாள் நின்றிருந்தாள். முப்பது வயது இருக்கும். துணிப்பை ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்காக வாயை மூடிக்கொண்டேன்.

"அந்தப் பய மேல கேஸ் போடணும் வக்கீலய்யா," என்றார் சிங்காரவேலு. "எம் பொண்ணுக்குத் தாலி கட்டிட்டு, அங்க போயி கல்யாணமே ஆவலன்னு எழுதிக் குடுத்திருக்கான்."

"எந்தப் பய?"

"எம் மாப்ளதான்."

மாப்பிள்ளை தனகோட்டியை எனக்கும் பார்த்த பழக்கம் உண்டு. வில்லியனூர்க்காரர். புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தபோது அங்கே பிறந்து, அவர்கள் பட்டாளத்திலேயே சேர்ந்தவர். ஐம்பத்தொன்றாம் வருஷம் தை மாதம் செஞ்சியில் வைத்து ஆண்டாளைக் கட்டினார். அதற்குப் பிறகு இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை லீவில் வருவார், ஒரு மாதம் இருப்பார், கிளம்பிவிடுவார். ஜானகி என்று பத்து வயதில் ஒரு பெண் இருக்கிறாள். இப்போது அல்ஜீரியாவில் சண்டை ஓய்ந்து, பிரான்ஸ் தேசத்திலேயே ஓர் ஊரில் அவருக்கு வீடு கொடுத்திருந்தார்கள். நீயும் குழந்தையும் வந்துவிடுங்கள் என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அப்பாவும் மகளும் பாண்டிச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆபீஸுக்குப் போயிருக்கிறார்கள். அங்கே தனகோட்டியின் பட்டாளக் காகிதத்தைப் புரட்டிப் பார்த்திருக்கிறார்கள். கல்யாணம் ஆகாதவர் என்று அதில் இருந்தது. கீழே அவருடைய கையெழுத்தும் இருந்தது.

"அங்க எவளயோ வெச்சிருக்கான்," என்றார் சிங்காரவேலு.

ஆண்டாள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "வெச்சிருந்தா என்னைய எதுக்கு நைனா கூப்புடுறாரு?"

நியாயமான கேள்வி. சிங்காரவேலு மறுபடியும் மேஜையைத் தட்டினார்.

அந்த ஆபீஸ் அதிகாரி நல்லவர்தான் போலிருக்கிறது. ஒரு சுலப வழியும் சொல்லியிருக்கிறார். தனகோட்டி அடுத்த லீவில் வரும்போது புதிதாகப் பதிவுக் கல்யாணம் செய்துகொள்ளலாம். அப்புறம் மனைவி என்ற முறையில் ஆண்டாள் தாராளமாகப் போகலாம். குழந்தையைக் கல்யாணத்துக்கு முன்னால் பிறந்த குழந்தை என்று தனியாக எழுதிக் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

"அது நல்ல யோசனைதானே?" என்று நான் கேட்டேன். முட்டாள்தனமாகத்தான் கேட்டேன்.

ஆண்டாள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "எம் பொண்ணு கல்யாணத்துக்கு அப்புறம் பொறந்தவ. ஊர்ல எல்லாரும் சாப்ட்டுட்டுப் போன கல்யாணம். அதுக்கு முன்னாடி பொறந்தவன்னு ஒரு காயிதத்துல எழுதினா, அத அவ காலம் பூரா தூக்கிக்கிட்டுத் திரியணும். நான் அவரப் பாக்காமயே இருந்தாலும் இருந்துடுவேன். அது மட்டும் வேணாம் வக்கீலய்யா."

இந்தப் பெண்ணுக்காக எதையாவது செய்தே ஆகவேண்டும் என்று எனக்கு அந்த நிமிஷம் தோன்றிவிட்டது.

அன்று சாயங்காலம் அரிசிப் பானை மேலிருந்து புத்தகத்தை எடுத்தேன். "பானைய எறும்பு மொய்ச்சா நீங்கதான் பொறுப்பு," என்றாள் ஆதிலட்சுமி. பதினோரு பேர் வகுப்பில் தூங்கியபடி கேட்டது கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. தேசங்களுக்கு மேலே உட்கார்ந்து சட்டம் போட ஒரு ராஜா கிடையாது. அப்படியானால் சட்டம் எங்கிருந்து வருகிறது? முதலில் அவர்களே கையெழுத்துப் போட்ட ஒப்பந்தங்களிலிருந்து. இரண்டாவது, வழக்கத்திலிருந்து. மூன்றாவது, எந்த நாட்டுக்காரனும் சரிதான் என்று தலையாட்டும் பொது நியாயங்களிலிருந்து. இவற்றைப் புரிந்துகொள்ளக் கைவிளக்காகத் தீர்ப்புகளும் பண்டிதர்கள் எழுதி வைத்ததும். எல்லாவற்றையும் காகிதத்தில் குறித்துக்கொண்டேன்.

ஒப்பந்தம் கையில் இருந்தது. முந்தின ஆகஸ்டில்தான் பாண்டிச்சேரி சட்டப்படி நம்மிடம் வந்து சேர்ந்தது. அங்கே பிறந்தவர்கள் எந்த தேசத்துப் பிரஜையாக இருப்பது என்று எழுதிக் கொடுக்க ஆறு மாதத் தவணை. அந்த ஆபீஸ் வாசலில் அப்போது அதற்காகத்தான் கூட்டம். ஆனால் ஆண்டாள் கல்யாணத்துக்கு நேராக அதில் ஒரு வரியும் எனக்கு அகப்படவில்லை. பொது நியாயம் ஒன்று அகப்பட்டது: ஒரு கல்யாணம் எந்த ஊரில் நடந்ததோ, அந்த ஊர் முறைப்படி சரியாக நடந்திருந்தால் அது எல்லா ஊரிலும் கல்யாணம்தான். எனக்குப் பரம சந்தோஷம். செஞ்சியில் நடந்தது, செஞ்சி வழக்கப்படி நடந்தது, முடிந்தது விவகாரம் என்று நினைத்தேன்.

தனகோட்டிக்கு விமானத் தபாலில் ஒரு கடிதம் போட்டேன். கொஞ்சம் காரமாகவே போட்டேன். ஏனய்யா இப்படி எழுதிக் கொடுத்தீர் என்று. மூன்று வாரத்தில் பதில் வந்தது. குண்டு குண்டான தமிழ் எழுத்து.

"ஐம்பத்து நாலில் பட்டாளத்து குமாஸ்தா என்னை நிற்க வைத்துக் கேட்டார். மேரியில் பதிவு உண்டா என்று கேட்டார், இல்லை என்றேன். உங்கள் ஜாதி வழக்கப்படி சடங்கெல்லாம் முழுசாக முடிந்ததா, சத்தியமாகச் சொல் என்றார். எனக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. என் அக்காள் போட வேண்டிய இரண்டு முடிச்சு இன்னும் பாக்கி இருக்கிறது என்று சொன்னேன். அவர் கல்யாணம் ஆகாதவர் என்று எழுதிக்கொண்டார். அக்காள் முடிச்சுப் போட்டதும் மாற்றிக்கொள்ளலாம் என்று நானும் கையெழுத்துப் போட்டேன். ஆண்டாள் என் சம்சாரம் அல்ல என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை."

மேரி என்று அவர் எழுதியிருந்தது பாண்டிச்சேரிப் பக்கத்து நகராட்சி ஆபீஸை. கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். துப்பாக்கிக்கு முன்னால் நிற்கிற மனுஷன், இரண்டு முடிச்சுக்காகச் சத்தியத்துக்குப் பயந்துவிட்டார். சிங்காரவேலுவையும் ஆண்டாளையும் கூப்பிட்டு அனுப்பினேன்.

"என்ன முடிச்சு இது?" என்று கேட்டேன்.

சிங்காரவேலு முகம் கறுத்துவிட்டது. ஆண்டாள்தான் சொன்னாள். அவர்கள் வழக்கத்தில் தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவார். மற்ற இரண்டையும் மாப்பிள்ளையின் அக்காளோ தங்கையோ போட வேண்டும். பெண் வீட்டார் கை படக்கூடாது. தனகோட்டிக்கு ஒரே அக்காள், விருத்தாம்பாள். மாப்பிள்ளை மட்டும் இரண்டு நாள் முன்னதாக செஞ்சிக்கு வந்துவிட்டார். அம்மாவும் அக்காளும் சொந்தக்காரர்களும் சீர் வரிசையோடு பின்னால் கிளம்பினார்கள். அப்போது பாண்டிச்சேரி வேறு நாடு, நடுவில் சுங்கச் சாவடி. வெள்ளித் தட்டுக்கும் பட்டுப் புடவைக்கும் பர்மிட் எங்கே என்று அத்தனை பேரையும் நிறுத்திவிட்டார்கள். இங்கே முகூர்த்தம் தவறப் பார்த்தது. ஐயர், மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போடட்டும், நாத்தனார் வந்ததும் மற்றது ஆகட்டும் என்று மேளத்துக்குக் கை காட்டிவிட்டார்.

"அப்புறம் அவங்க வந்தாங்களா?"

"மத்தியானம் வந்தாங்க," என்றாள் ஆண்டாள். சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

"நான் ஒரு வார்த்த சொல்லிட்டேன்," என்றார் சிங்காரவேலு. "காலையிலேர்ந்து மானம் போயி நிக்கிறேன். முகூர்த்தத்துக்கு வராதவங்க பந்திக்குக் கரெக்டா வந்துட்டாங்கன்னு சொன்னேன். பெரிய வார்த்தையா அது?"

"பெரிய வார்த்ததான் நைனா," என்றாள் ஆண்டாள். சத்தம் போடாமல்தான் சொன்னாள்.

விருத்தாம்பாள் தட்டை அங்கேயே வைத்துவிட்டு, அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு திரும்பிப் போனவள்தான். பன்னிரண்டு வருஷமாகச் செஞ்சிப் பக்கம் தலை வைக்கவில்லை. ஆண்டாள் இத்தனை வருஷமும் ஒரே முடிச்சோடு இருந்திருக்கிறாள். வருஷா வருஷம் கயிறு மாற்றும்போதும் ஒன்றே ஒன்றுதான் போடுவாளாம். மற்ற இரண்டும் தான் போடக்கூடாது, அது அண்ணி போட வேண்டியது என்றாள். நாத்தனாரை அவள் அண்ணி என்றுதான் சொன்னாள்.

இந்த ஊர் முறைப்படி சரியான கல்யாணம் என்று நான் கட்டிய கோட்டைக்கு அஸ்திவாரமே வழக்கம்தான். வழக்கம் முழுசாக நடக்கவில்லை என்று மாப்பிள்ளையே எழுதிக் கொடுத்திருக்கிறார். பெண்ணும் அதையே சொல்கிறாள். இவர்களை வைத்துக்கொண்டு நான் யாரிடம் வாதாடுவது?

"இவ பிடிவாதம் ஒங்களுக்குத் தெரியாது வக்கீலய்யா," என்று சிங்காரவேலு தன் பங்குக்குப் புலம்பினார். "ஒத்தப் பையன் கல்யாணம் எனக்கு. ஐம்பத்தெட்டு ஆவணி. பத்து ஊடு தள்ளி மேளம் வாசிக்கிறான், இவ வரல. கூடப் பொறந்த தம்பி வந்து கெஞ்சறான், வரல. பின்கட்டுல குந்திக்கினு இருக்கா."

"ஏம்மா?" என்று கேட்டேன், வேறு ஒன்றும் கேட்கத் தோன்றாமல்.

"தீட்டு," என்றாள்.

"என்ன தீட்டு?"

"மாமியார் செத்துட்டாங்க. எட்டு நாள் ஆயிருந்துது."

"உங்களுக்குச் சொல்லி அனுப்பினாங்களா?"

"இல்ல. பஸ்சு கண்டக்டர் ஒருத்தர், வில்லியனூர்க்காரர், கடையில சொல்லிட்டுப் போனாரு. நான் அங்க போவ முடியல, போனா உள்ள உடுவாங்களான்னும் தெரியல. அதனால இங்கயே பதினாறு நாள் காத்தேன். பூ வெக்கல, கோயிலுக்குப் போவல. பதினாறாம் நாளு தல முழுவினேன்."

"யாரு சொல்லிச் செஞ்சீங்க?"

இது என்ன கேள்வி என்பதுபோல் என்னைப் பார்த்தாள். "யாரு சொல்லணும்? அவங்க எம் மாமியாரு."

"உங்க வீட்டுக்காரருக்கு இதை எழுதினீங்களா?"

"அதப் போயி எழுதுவாங்களா?"

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். வழக்கம் எப்போது சட்டமாகிறது என்று அந்தப் புத்தகத்தில் இரண்டு பக்கம் இருக்கிறது. ஒன்றை நெடுநாளாகச் செய்து வந்தால் மட்டும் போதாது. செய்தே தீரவேண்டும், அது என்னைக் கட்டுப்படுத்துகிறது என்ற எண்ணத்தோடு செய்திருக்க வேண்டும். தேசங்கள் அப்படி நினைத்துத்தான் செய்தனவா என்று நிரூபிக்கப் பெரிய பெரிய வக்கீல்கள் திணறுவார்கள். இங்கே ஒரு பெண் யாரும் பார்க்காத பின்கட்டில், தன் தம்பி கல்யாண மேளத்தைக் கேட்டுக்கொண்டு, தன்னை மதிக்காத ஒரு வீட்டுச் சாவுக்குப் பதினாறு நாள் உட்கார்ந்திருக்கிறாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சிங்காரவேலு பார்த்துவிடக் கூடாதே என்று அலமாரியில் எதையோ தேடுவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

ஆனால் இதை ஆண்டாள் சொன்னால் எடுபடாது. மாப்பிள்ளை வீட்டு மனுஷி ஒருத்தி வந்து, ஆமாம், இவள் எங்கள் வீட்டுப் பெண் என்று சொல்ல வேண்டும். அந்த வீட்டில் உயிரோடு இருப்பது விருத்தாம்பாள் ஒருத்திதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆண்டாளை அழைத்துக்கொண்டு திண்டிவனம் பஸ் பிடித்து, அங்கிருந்து பாண்டிச்சேரி, அங்கிருந்து வில்லியனூர் போய்ச் சேர்ந்தேன். சிங்காரவேலு வருகிறேன் என்றார். வந்தால் வழக்கை நடத்த மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

விருத்தாம்பாளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் வெளியூரில் வேலை பார்த்தார். பாண்டிச்சேரியில் ஒரு மில்லில் வேலை. அன்றைக்கு ஷிப்டு இல்லாததால் வீட்டில் இருந்தாள். ஆண்டாளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. கதவை விட்டு நகரவில்லை.

"இன்னா? பாத்திரக்கடைக்காரர் அனுப்பிச்சாரா?"

"இல்லீங்க. நான் வக்கீல்," என்று ஆரம்பித்தேன்.

"வக்கீலு இன்னாத்துக்கு? நான் யார் சொத்தையும் புடுங்கல."

எனக்கு மூக்கு விடைத்தது. வெயிலில் மூன்று பஸ் மாறி வந்தவனுக்கு ஒரு வாய் தண்ணீர் கூட இல்லையா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் கதவு இடுக்கு வழியாக உள்ளே சுவரில் ஒரு படம் தெரிந்தது. கண்ணாடி போட்ட சின்னப் படம். இரட்டைச் சடை, பாவாடை சட்டை. ஜானகி. தனகோட்டி லீவில் வந்தபோது கொடுத்திருக்க வேண்டும். ஆண்டாளும் அதைப் பார்த்துவிட்டாள்.

நான் குரலைத் தணித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். பட்டாளக் காகிதம், தம்பி சொன்ன சத்தியம், குழந்தைக்கு வரப்போகும் பெயர், எல்லாம். அந்த அம்மாள் கல்லாக நின்றாள். கடைசியில் மாமியார் தீட்டுக் காத்ததைச் சொன்னேன். அதற்குத்தான் அசைந்தாள். என்னை விட்டுவிட்டு ஆண்டாளைக் கேட்டாள்.

"என்னிக்குத் தல முழுவின?"

"பதினாறாம் நாளு. விடியக்காலம். நீங்க கருமாதி வெக்கிற நேரம் அதாத்தான் இருக்கும்னு."

"அன்னிக்குத்தான் ஒந் தம்பி கல்யாணம்னு இங்க பேசிக்கினாங்களே."

"அது முன்னாடியே முடிஞ்சிடுச்சி. எட்டாம் நாளு. நான் போவல."

விருத்தாம்பாள் உள்ளே போனாள். திரும்பி வந்தபோது ஒரு சொம்பில் தண்ணீர் இருந்தது. ஆண்டாளிடம் கொடுத்தாள். குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றாள். முந்தானையால் தன் முகத்தை ஒரு முறை துடைத்துக்கொண்டாள். பிறகுதான் என் நினைவு வந்து, "குந்துங்க," என்றாள்.

வெற்றி கிடைத்துவிட்ட குஷியில் எனக்கு ஓர் அபாரமான யோசனை உதித்தது. அந்த இரண்டு முடிச்சையும் இப்போதே போட்டுவிட்டால் என்ன? நாளைக் காலை ஆபீஸில், அதிகாரி கண் முன்னாலேயே விருத்தாம்பாள் முடிச்சுப் போடட்டும். வழக்கம் பூர்த்தி, குறை நிவர்த்தி, ஆட்சேபணைக்கு இடமே இல்லை. நம் கோர்ட்டில் தவறிய முத்திரையைப் பிறகு ஒட்டிச் சரிசெய்வதில்லையா? ஆண்டாள் முகம் மலர்ந்துபோயிற்று. விருத்தாம்பாள் மட்டும் யோசித்தாள். "நாளைக்கு வரேன்," என்றாள். போடுகிறேன் என்று சொல்லவில்லை. அதை நான் கவனிக்கவில்லை.

ஆண்டாள் அன்று அந்த வீட்டிலேயே தங்கினாள். நான் பாண்டிச்சேரியில் ஒரு லாட்ஜில் உட்கார்ந்து நாலு பக்கம் வாதம் எழுதினேன். பிரமாதமான வாதம்.

மறுநாள் பத்து மணிக்கு ஆபீஸில் எங்களைக் கூப்பிட்டார்கள். அதிகாரி நரைத்த தலை வெள்ளைக்காரர். பக்கத்தில் மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு பாண்டிச்சேரித் தமிழர். நான் தனகோட்டியின் கடிதத்தைக் கொடுத்தேன், முடிச்சு விஷயத்தை விளக்கினேன், இந்த அம்மாள் இப்போது அதை முடித்துவைப்பாள் என்று நாடகக்காரன் மாதிரி கையை நீட்டினேன்.

அதிகாரி அக்கறையாகக் கேட்டார். பிறகு ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் சொன்னார்: "தாராளமா போடட்டும்ன்றார். இன்னிக்குப் போட்டா, கல்யாணம் இன்னிக்குப் பூர்த்தியாச்சுன்னு எழுதிக்குவாராம்."

"இன்னிக்கா?" என்றேன். என் அபாரமான யோசனை அங்கேயே பொத்தென்று விழுந்தது. பழைய தேதி போட முடியாதே. முத்திரை கதை இங்கே செல்லாது. நானே என் கையால் ஜானகியைக் கல்யாணத்துக்கு முன்னால் பிறந்தவளாக ஆக்கிவைத்திருந்தேன். ஆண்டாளுக்கும் புரிந்துவிட்டது. கழுத்துக் கயிற்றை வெளியே எடுத்துக் கையில் பிடித்திருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"நான் போட மாட்டேன்," என்றாள் விருத்தாம்பாள்.

மொழிபெயர்ப்பாளர் திரும்பிப் பார்த்தார்.

"ராத்திரியே நெனச்சிட்டேன். இன்னிக்கு நான் முடிச்சுப் போட்டா, நேத்து வரைக்கும் இவ எந் தம்பி பொண்டாட்டி இல்லன்னு ஆவுது. அப்புறம் எங்கம்மாவுக்கு எதுக்கு இவ பதினாறு நாள் குந்தியிருந்தா? எவளோ ஒருத்தி எவளுக்கோ குந்துவாளா? நாங்க சாவுக்குத் தாக்கல் சொல்லி அனுப்பல. செஞ்சியில இவள யாரும் கேக்கல. அவளாவே செஞ்சா. எந் தம்பி பொண்டாட்டியா இருந்துதான் செஞ்சா."

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லி முடித்தார். அதிகாரி ஒரு கேள்வி கேட்டார். "ஆனா கல்யாணத்தன்னிக்கு நீங்க வரலையே, அத இன்னா சொல்றீங்கன்னு கேக்குறார்."

"வரலன்னு யாரு சொன்னது? வந்துட்டு இருந்தேன்." விருத்தாம்பாள் ஓர் அடி முன்னே வந்தாள். "பொழுது விடிஞ்சதுலேர்ந்து சாவடியில நின்னேன். கேட்டு சாத்தியிருந்துது. அத நானா சாத்தினேன்? அப்ப இருந்த ஒங்க சர்க்காரும் இப்ப எங்களுதா ஆன சர்க்காரும் சேந்து சாத்தினது. நீங்க சாத்தின கேட்ட வெச்சி அந்தப் பொண்ணு கல்யாணம் ஆவாதவன்னு நீங்களே சொல்றது ஞாயமா? கேட்டுச் சொல்லுங்க அவர."

தான் செய்த தடையை வைத்துத் தானே லாபம் அடையக்கூடாது என்பது எல்லா நாட்டுக்கும் பொதுவான நியாயம். என் வாதத்தில் மூன்றாம் பக்கத்தில் ஒன்றரைப் பத்தி எழுதியிருந்தேன். அந்த நாலு பக்கத்தையும் மடித்து மடியில் வைத்துக்கொண்டேன்.

மொழிபெயர்ப்பாளர் இந்த முறை மெதுவாகச் சொன்னார். சில இடத்தில் நிறுத்தி வார்த்தை தேடினார். அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு விருத்தாம்பாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வக்கீல் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று கேட்டார். இல்லை என்றேன். என் தொழில் வாழ்க்கையில் அந்த வார்த்தையை நான் அதிகம் சொன்னதில்லை.

அவர் எழுத ஆரம்பித்தார். ரொம்ப நேரம் எழுதினார். விருத்தாம்பாள் கைநாட்டு வைத்தாள், நான் சாட்சி போட்டேன். முத்திரை குத்திய பிறகு, அதில் என்ன தேதி என்று ஆண்டாள் கேட்டாள். மொழிபெயர்ப்பாளர் விரலை வைத்துப் படித்தார். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொண்ணு, பிப்ரவரி ஒண்ணு. அன்னிலேர்ந்து தனகோட்டியோட மனைவி."

"தை பத்தொம்பது," என்றாள் ஆண்டாள்.

வெளியே வராந்தாவில் கூட்டம் அலைமோதியது. ஒரு தூணுக்குப் பக்கத்தில் விருத்தாம்பாள் நின்று, "கிட்ட வா," என்றாள். ஆண்டாளின் கழுத்துக் கயிற்றை எடுத்தாள். அந்த ஒற்றை முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். அதற்கு மேலே ஒன்று, அதற்கு மேலே இன்னொன்று, இறுக்கிப் போட்டாள்.

"இது கல்யாண முடிச்சு இல்ல," என்றாள். "கப்பல்ல அவ்ளோ தூரம் போற. அவுந்துடக் கூடாதுன்னு போடுறேன்."

ஆண்டாள் குனிந்து அவள் காலைத் தொடப் போனாள். விருத்தாம்பாள் விடவில்லை, இரண்டு தோளையும் பிடித்து நிறுத்தினாள்.

"பன்னெண்டு வருஷம் நான் ஒன்ன வந்து பாக்கல. மன்னிச்சுக்கோம்மா."

ஆண்டாள் அழுதுகொண்டே தலையை ஆட்டினாள்.

"நீங்க வந்துட்டுத்தானே இருந்தீங்க அண்ணி," என்றாள்.